எங்கன நின்னே?

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை வகுப்பில் யாரும் கேட்கக் கூடாது என்று அவர் தடை போட்டிருந்தார். இத்தனைக்கும் அவர் எங்கள் பள்ளிக்கூடத்து ஆளே இல்லை. தேனிப் பக்கம் ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் விரிவுரையாளர். அறிவியலும் கணக்கும் சொல்லித்தரப் போகிறவர்களைத் தயார் செய்வது அவர் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை அவர்களைக் கூட்டிக்கொண்டு பயிற்சி வகுப்பு எடுக்க எங்களிடம் வருவார். தடை அவருடைய மாணவர்களுக்குத்தான் என்றாலும், அவர் வராந்தாவில் நடந்துபோகும்போது எனக்கே அந்த வார்த்தை பாதித் தொண்டையில் நிற்கும்.

ஓடைப்பட்டிக்குப் போகிற பாதையில் இருக்கும் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. சுற்றிலும் திராட்சைத் தோட்டம். காய் வெட்டு நடக்கும் நாட்களில் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். நான் எட்டாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் அறிவியல் எடுக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு என் வகுப்பைத்தான் இரவல் கொடுப்பார்கள். வழிகாட்டி ஆசிரியர் என்று அதற்குப் பெயர். என்னுடைய வழிகாட்டல், சீக்கிரம் முடித்து வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்வதோடு சரி. அரையாண்டுக்குள் போர்ஷன் முடியவில்லை என்றால் கேள்வி வருவது என்மேல்தானே.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஒல்லி. பருத்திச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிறிய சிலுவை, காலில் ரப்பர் செருப்பு. ஸ்கூட்டியில் வருவார். பிள்ளைகள் "காலேஜ் டீச்சர்" என்பார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் "மேடம்" என்பார்கள், அதையும் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்வார்கள்.

பயத்துக்குக் காரணம் அவர் உட்காரும் இடம். மற்றக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, கரும்பலகையையும் லெசன் பிளானையும் மாறி மாறிப் பார்த்து டிக் போடுவார்கள். இவர் கடைசி பெஞ்சில் பையன்களை நகரச் சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வார். கரும்பலகைப் பக்கம் பார்வையே போகாது. பிள்ளைகளின் கழுத்தையும் தோளையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் ஒரு பிள்ளை பென்சிலைச் சீவ ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் அவருக்குக் கணக்கு.

பாடம் முடிந்ததும் எழுந்துபோய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவார். "எங்கன நின்னே?" என்பார்.

இதுதான் அவருடைய கேள்வி. புரிந்ததா என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்று வரும். கோயில் மணி அடித்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போவதுபோல வரும். எங்கே நின்றாய் என்று கேட்டால் அந்த மாதிரி பாட முடியாது. ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். "அந்தக் கீழ்ப்பக்கம் ஒரு கோடு போட்டாகல்ல டீச்சர், அங்கன நின்னுட்டேன்" என்று ஒரு பயல் சொல்வான். அவர் பயிற்சி மாணவரைக் கூப்பிட்டு, "அந்தக் கோட்டுக்கிட்ட இவன் நிக்கிறான். போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்பார். மணி அடித்திருக்கும். அடுத்த வகுப்பு வாத்தியார் வாசலில் நிற்பார். அதெல்லாம் அவர் கண்ணில் படாது.

எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன். "மேடம், நீங்க ஒவ்வொருத்தனாக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள முழு ஆண்டே வந்துரும்."

"வரட்டும் சார். நீங்க எத்தனை பேரோட அங்கன போய்ச் சேருவீங்க?" என்றார். சண்டைக்குக் கேட்டதுபோல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வியைப் பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பணியாளர் கூட்டத்தில் தலைமையாசிரியர் தேர்வு பற்றிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதுல்ல?" என்றார். நாங்கள் தலையாட்டிக்கொண்டே எழுந்துவிட்டோம். விருந்தாளியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர், "சார், நான் ரெண்டாவது பத்தியில நின்னுட்டேன்" என்றார். தலைமையாசிரியர் மறுபடியும் படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது, தானும் அங்கேயேதான் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொரு தடவை அணு பாடம். பயிற்சி மாணவர் ஒருவர் எலக்ட்ரான்வரை வந்து முடித்துவிட்டார். பொட்டிப்புரத்திலிருந்து சைக்கிளில் வரும் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க ஊரு மலையைக் குடைஞ்சு என்னமோ பிடிக்கப் போறாகன்னு பேசிக்கிட்டாகளே, அது இதுக்குள்ளயா இருக்கு?"

"அதெல்லாம் மேல் கிளாஸ்ல வரும், உக்காரு" என்றார் அந்த மாணவர்.

இடைவேளையில் அவர் அந்த மாணவரிடம், "நீங்க எங்கன நின்னீங்க?" என்றார்.

"எலக்ட்ரான்லதான் மேடம்."

"நான் அதுக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதை அந்தப் பயகிட்டச் சொல்லிட்டு வருவோம், வாங்க."

போய்ச் சொன்னார். மலைக்குள்ளே பிடிக்கப் போகிற துகள் மிகச் சின்னது, உன் கையையும் மலையையும் எதிலும் இடிக்காமல் கடந்து போய்விடும், அதனால்தான் பிடிக்கக் கஷ்டம், மலையைக் குடைந்து எப்படிப் பிடிப்பார்கள் என்பதில் நான் நின்றுவிட்டேன் என்றார். பையன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப இப்பவும் போய்க்கிட்டு இருக்கா டீச்சர்?" "போய்க்கிட்டுத்தான்டா இருக்கு." ஊரில் அந்த மலையை வைத்து எத்தனையோ பேச்சு நடந்தது. எங்கள் பள்ளியில் அதைப் பற்றி ஒரு பிள்ளைக்கு ஒருவர் விளக்கியது அந்த ஒரு தடவைதான்.

அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரிந்தது தற்செயலாக. என் மாமியாருக்குக் கண் காட்டத் தேனிக்குப் போயிருந்தேன். டாக்டர் அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே அவரும் கணவரும் இருந்தார்கள். கணவர் போடியில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். கண் நரம்பு பாதித்துவிட்டது, இனிமேல் அந்த வேலை முடியாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் விடவில்லை. எங்கே பாதித்திருக்கிறது, எதுவரை தெரியும், எங்கே நிற்கும் என்று கேட்டு, டாக்டரைக் காகிதத்தில் படம் போட வைத்துவிட்டார். வெளியே டோக்கனோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தேன். வெளியே வந்து என்னைப் பார்த்ததும், "சார், இனிமே வீட்டுல சம்பாத்தியம் நான் மட்டுந்தான்" என்றார், பாடத்தின் முடிவைச் சொல்வதுபோல.

அந்தக் கல்லூரி அவருக்கு மூன்றாவது. முதல் இரண்டிலிருந்தும் ஒரே காரணத்துக்காக அனுப்பியிருந்தார்கள். செய்முறை மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட மாட்டார். எல்லோருக்கும் முழுசாகப் போட்டால்தானே அடுத்த வருடம் ஆள் சேரும்? இதை விட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும். பார்வை மங்கிய மனிதரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவார்?

இனி எங்கள் பள்ளியின் பழைய ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தியே அது இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். விடை தெரிந்த பிள்ளை வலது கை, தெரியாத பிள்ளை இடது கை. வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். வந்தவருக்கு மனசு குளிர்ந்துவிடும். பயிற்சிக்கு வருகிறவர்கள் இதை வந்த இரண்டாம் நாளே கற்றுக்கொள்வார்கள். லெசன் பிளானில் எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைகளையே பார்க்கிறவருக்கு இது தெரியாமல் போகுமா? முதல் வருடமே ஒரு பயலிடம் கேட்டிருக்கிறார். "ஏலே, நீ சோத்துக்கையைத் தூக்காம ஏன் இதைத் தூக்குற?" அவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். எங்களிடம் புகார் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இடது கை தூக்கிய பிள்ளைகளிடம் மட்டும் போய் உட்கார ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

வருடம் போகப் போக அதற்கு அர்த்தமே மாறிவிட்டது. எங்களுக்கு இடது கை என்றால் தெரியாது, என்னை விட்டுவிடுங்கள். அவர் இருக்கும்போது பிள்ளைகளுக்கு இடது கை என்றால், டீச்சர் இங்கே வாங்க. அவர் வராத நாட்களிலும் என் வகுப்பில் ஒன்றிரண்டு இடது கைகள் எழும்பும். போர்ஷன் இருக்கிறதே என்று நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

கடைசி வருடம் செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் கல்லூரித் தாளாளர் காரில் வந்தார். தலைமையாசிரியர் அறையில் டீ. நானும் இருந்தேன். அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தே பேசினார்.

"போன வருசம் உங்களால மூணு பேருக்கு மார்க் போச்சு. இந்த வருசம் ஒருத்தருக்குக் கொறைஞ்சாலும் அடுத்த வருசம் நீங்க வர வேண்டியதில்லம்மா. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது சார்" என்றார் அவர்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கே, ஏன் என்று ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நல்லதுதான் என்றும் பட்டது, ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

தேர்வன்று என் எட்டாம் வகுப்பில் ஈஸ்வரி என்ற பெண் பாடம் எடுத்தார். கெங்குவார்பட்டிக்காரர். கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அம்மாவான பிறகு பி.எட். சேர்ந்தவர். நன்றாகப் படிக்கக்கூடியவர், பதற்றம் மட்டும் அதிகம். பாடம் அழுத்தம். ஒரே விசை, பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். தெர்மாகோலில் அகலப் பாதம் வைத்த ஒரு யானை செய்து செய்தித்தாளில் சுற்றி மேசைமேல் வைத்திருந்தார். முந்தின நாள் மாலையே பிள்ளைகளுக்கு வலது, இடது சொல்லி வைத்துவிட்டார். எனக்குத் தெரியும். காலேஜ் டீச்சருக்கும் தெரிந்திருக்கும்.

புறத்தேர்வாளர் வெளி மாவட்டத்துக்காரர், வயதானவர், நல்ல மனிதர். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாடம் ஒழுங்காகப் போனது. யானையை எடுக்கிற கட்டத்துக்கு முன்னால் ஈஸ்வரி ஒரு கேள்வி கேட்டார். பரப்பு கூடினால் அழுத்தம் என்ன ஆகும்? வகுப்பு முழுக்கக் கை. தேர்வாளர் முகம் மலர்ந்துவிட்டது. கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பி, "மேடம், நீங்களே ஒரு பிள்ளையை எழுப்புங்களேன்" என்றார்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வலது கைகள் நிறையவே இருந்தன. ஒன்றைக் காட்டினால் போதும். விடை வரும், யானை வரும், வீட்டுப்பாடம் வரும், எல்லாருக்கும் மார்க் வரும். அவர் எழுந்து நின்று வகுப்பைப் பார்த்தார். இடது கைகளில் பாதி, தூக்கச் சொன்னார்களே என்று தூக்கியவை. முழங்கை மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது பெஞ்சில் நாகஜோதி என்ற பிள்ளையின் கை மட்டும் நேராக நின்றது. அவள் ஈஸ்வரியைப் பார்க்கவில்லை. உடம்பைத் திருப்பி, பின்னால் நின்ற இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் மேடம் என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

"நாகஜோதி" என்றார்.

அவள் எழுந்தாள். "எங்க அம்மா திராட்சைப் பெட்டி சொமக்கும்போது சும்மாடு வைப்பாக டீச்சர். வச்சா பாரம் கொறையும்பாக. இந்த டீச்சர் அழுத்தம் கொறையும்னு சொல்றாக. பாரம் கொறையுதா, அழுத்தம் கொறையுதா? ரெண்டும் ஒண்ணா? நான் அங்கன நின்னுட்டேன்."

ஈஸ்வரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். லெசன் பிளானில் சும்மாடு இல்லை. யானையைத் தொட்டார், விட்டார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கிருந்து உதவி ஒன்றும் வரவில்லை. அப்புறம் என்ன நினைத்தாரோ, நாகஜோதியை முன்னால் கூப்பிட்டார். அவள் தலையில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு கட்டுப் புத்தகத்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"குத்துது டீச்சர்."

மூடியை எடுத்துவிட்டு, ஒரு பையனின் துண்டை வாங்கிச் சுருட்டி வைத்து, அதே கட்டை ஏற்றினார். "இப்ப?"

"குத்தல."

"புத்தகம் கொறைஞ்சிருக்கா?"

நாகஜோதி கையைத் தூக்கிக் கட்டைத் தடவிப் பார்த்தாள். "இல்ல. அம்புட்டும் இருக்கு."

முன் பெஞ்சுப் பையன் ஒருவன், "துண்டு வெயிட்டும் சேருதுல்ல டீச்சர், அப்ப பாரம் கூடத்தான் செய்யும்" என்றான். வகுப்பு கலகலத்துவிட்டது. ஆளாளுக்குத் தலையை நீட்டினார்கள். நாகஜோதி யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே, "பாரம் அப்படியேதான் இருக்கு, குத்துறதுதான் கொறையுது" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். நான் அந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் எடுத்திருக்கிறேன். அவ்வளவு நன்றாக ஒரு நாளும் எடுத்ததில்லை.

மணி அடித்துவிட்டது. யானை செய்தித்தாளுக்குள்ளேயே இருந்தது. மீள்பார்வை இல்லை, மதிப்பீடு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை.

"வகுப்பு நல்லாத்தான் இருந்துச்சு மேடம்" என்றார் தேர்வாளர், வருத்தத்தோடு. "ஆனா பிளான்ல உள்ளது எதுவும் வரலையே. நான் எதுக்குன்னு மார்க் போடுறது?" அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த தாளில் சும்மாட்டுக்குக் கட்டம் இல்லை. ஈஸ்வரி தேறினார், ஆனால் மார்க் குறைந்துவிட்டது.

சாயங்காலம் ஸ்கூட்டி பக்கத்தில் ஈஸ்வரி அவரை மறித்தார். அழுதுகொண்டிருந்தார். "நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன் மேடம்?"

"அந்தப் பிள்ளை கையைத் தூக்குச்சு, ஈஸ்வரி."

"எல்லாருந்தான தூக்குனாக."

"அது நெசமாத் தூக்குச்சு."

ஈஸ்வரி பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்குக் காலேஜ் டீச்சர்மேல் கோபம்தான் வந்தது. வேலையைத்தான் தொலைத்துக்கொண்டார், அதோடு இன்னொருத்தியின் மார்க்கையும் தொலைக்க வேண்டுமா? அன்றிலிருந்து இன்றுவரை இதற்கு நான் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஈஸ்வரி இப்போது பெரியகுளம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். நன்றாகப் பாடம் எடுப்பதாகச் சொல்கிறார்கள். காலேஜ் டீச்சர் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். டீச்சர் போடியில் வீட்டிலேயே டியூஷன் எடுப்பதாகக் கேள்வி. கணவர் குரலை வைத்தே எந்தப் பிள்ளை வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது பயிற்சி முடிந்த நாள். காலைப் பிரேயரில் வைத்து வழியனுப்புவது எங்கள் வழக்கம். மேடையில் ஒரு சால்வை, ஒரு பெட்டி திராட்சை. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். "நம்ம காலேஜ் டீச்சர் சொந்தக் காரணமா அடுத்த வருசத்துல இருந்து வர மாட்டாங்க. எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றது பள்ளிக்கூடம்.

எட்டாம் வகுப்பு வரிசையில் நாகஜோதி இடது கையைத் தூக்கினாள்.

அவரும் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடது கையைக் கண்டும் அவர் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போதும் மேடையைவிட்டு இறங்கி, வரிசைக்குள் புகுந்து, எங்கன நின்னே என்று கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்தைச் சொன்னால் இவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

சால்வையை மடித்துப் பையில் வைத்தார். திராட்சைப் பெட்டியை மேடையிலேயே விட்டுவிட்டு, எட்டாம் வகுப்பு வரிசை இல்லாத பக்கமாக இறங்கி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேசிய கீதம் முடிந்து வகுப்புகளுக்குப் போகச் சொன்னார்கள். நாகஜோதி கையை இறக்காமலேயே நடந்து போனாள்.